எத்தனாவது, யாருக்கு மேல, யாருக்கு கீழ: இங்கிலீஷ்ல ரேங்க்கும் வரிசையும் தப்பில்லாம சொல்ல முழு வழிகாட்டி

ரெஸ்யூமே எழுதுறவங்க, இன்டர்வியூக்கு ரெடி ஆகுறவங்க, புதுசா வேலைக்கு சேர்ந்து மெயில் அனுப்ப பயப்படுறவங்க, இவங்க எழுதுனத பக்கத்துல உக்காந்து திருத்திக் குடுத்துட்டு வர்றேன். பெரிய பெரிய வார்த்தைல யாரும் தடுக்கி விழுறதில்ல, அதெல்லாம் டிக்ஷனரி பாத்து போட்டுடுறாங்க. விழுறது எங்கன்னா, நான் க்ளாஸ்ல ரெண்டாவது, அவரு எனக்கு ரெண்டு வருஷம் சீனியர், கடைசிக்கு முந்தின ரவுண்டு வரை வந்தேன், இந்த மாதிரி இடத்துலதான். இங்க எல்லாமே தெரிஞ்ச வார்த்தைங்கிறதால யாரும் செக் பண்றதே இல்ல.

இத படிக்கிறப்ப வரிசைய மாத்தாதீங்க. நேரா ஏழாவது படிக்கு தாவுறவங்க திரும்ப ஒண்ணாவதுக்கு வந்து நிக்கிறத நிறைய பாத்தாச்சு.

0. எழுத உக்காரும் முன்னாடி கைல இருக்க வேண்டியது

ஒரு துண்டுத் தாள் போதும். அதுல நாலு விஷயம் தமிழ்லயே எழுதிக்கோங்க. எந்தக் கூட்டத்துக்குள்ள வரிசைப்படுத்துறோம், அந்தக் கூட்டத்துல மொத்தம் எத்தனை பேர், எந்தப் பக்கத்துல இருந்து எண்றோம், யாராவது சமமா நிக்கிறாங்களா.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு கேப்பீங்க. தொட்டபெட்டாவ எடுத்துக்கோங்க, 2,637 மீட்டர். தமிழ்நாட்டுல அதுதான் உசரமான சிகரம். ஆனா 'தென்னிந்தியா'ன்னு ஒரே ஒரு வார்த்தைய மாத்துனா அந்த வாக்கியம் பொய்யாயிடும், ஏன்னா கேரளால இருக்கிற ஆனமுடி 2,695 மீட்டர். மலை அதே மலைதான், கூட்டம் மாறுனதும் இடம் மாறிடுச்சு. ரெஸ்யூமேல 'செகண்ட் ரேங்க்'னு மட்டும் எழுதி விடுறவங்க இந்தக் கூட்டத்ததான் விட்டுடுறாங்க. படிக்கிறவருக்கு அது ஸ்கூல்லயா, டிபார்ட்மென்ட்லயா, யுனிவர்சிட்டிலயான்னு தெரியாது, தெரியாதப்ப சின்னதாத்தான் நினைச்சுக்குவாரு.

1. மொதல்ல முடிவு பண்ணுங்க: இது ரேங்க்கா, வெறும் வரிசை எண்ணா

தமிழ்ல ரெண்டுக்கும் 'ஆவது'தான். அப்துல் கலாம் இந்தியாவோட 11வது ஜனாதிபதி. இதுல 11 அவரோட தரத்த சொல்லல, அவருக்கு முன்னாடி பத்து பேர் அந்தப் பதவில இருந்திருக்காங்கன்னு சொல்லுது, அவ்ளோதான்.

குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரென ஜெயிச்சு 18வது உலக செஸ் சாம்பியன் ஆனாரு. இத 'தி எய்ட்டீன்த் வேர்ல்ட் சாம்பியன்'னு எழுதுனா சரி. யாராவது ஒரு ஆர்வத்துல 'ரேங்க்ட் எய்ட்டீன்த் இன் தி வேர்ல்ட்'னு எழுதிட்டா உலகத்துல அவருக்கு மேல 17 பேர் இருக்காங்கன்னு ஆயிடும், உலக சாம்பியன இறக்கி விட்ட பாவம் வேற நமக்கு.

அதனால விதி இதான்: தரம் பாத்து வரிசைப்படுத்தினா மட்டும் 'ரேங்க்'ங்கிற வார்த்தைய எடுங்க. காலத்துல முன்ன பின்ன வந்தது, அடுக்கி வெச்சதுல முன்ன பின்ன இருக்கிறது, இதுக்கெல்லாம் எண்ண மட்டும் சொல்லுங்க.

அப்புறம் 'ஐ காட் ஃபர்ஸ்ட் ரேங்க்' நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டு கம்பெனிக்கு அனுப்புறதா இருந்தா 'ஐ கேம் ஃபர்ஸ்ட்' இல்லன்னா 'ஐ ரேங்க்ட் ஃபர்ஸ்ட்'னு மாத்திடுங்க. 'ரேங்க் ஹோல்டர்', 'டாப்பர்' ரெண்டும் நம்ம பக்கத்து வழக்கு, அந்தப் பக்கம் படிக்கிறவரு ஒரு செகண்ட் முழிப்பாரு. 'ஃபர்ஸ்ட் க்ளாஸ்' இன்னொரு குழி. நம்ம காலேஜ்கள்ல அது பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேலன்னு ஒரு பிரிவு, க்ளாஸ்ல பாதிப் பேர் கூட அதுல இருக்கலாம். 'ஃபர்ஸ்ட் இன் தி க்ளாஸ்'னா ஒரே ஆள். நடுவுல ரெண்டு சின்ன வார்த்தை, அர்த்தம் எங்கயோ போயிடுது.

2. எண்ணுக்கு 'ஆவது' சேக்குறது

ஒண்ணு ரெண்டு மூணு மட்டும் அடங்காது: ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். மத்ததுக்கெல்லாம் பின்னாடி 'த்' சத்தம். இது தெரிஞ்சதுதான், தப்பு வர்றது பத்துக்கு மேல.

11, 12, 13 மூணும் 'த்' கூட்டம். லெவன்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த். கடைசி இலக்கம் 1 ஆச்சேன்னு 11க்குப் பின்னாடி 'ஸ்ட்' போடுறவங்க நிறைய. 111, 112, 113க்கும் இதே கதைதான். ஆனா 21 வந்ததும் ட்வென்டி ஃபர்ஸ்ட், 32க்கு தேர்ட்டி செகண்ட், 43க்கு ஃபார்ட்டி தேர்ட். வாயால சொல்லிப் பாத்தா காரணம் தெரிஞ்சிடும், 21ல கடைசியா வர்றது 'ஒன்', அதனால அது 'ஃபர்ஸ்ட்' ஆகுது. 11ல 'ஒன்' சத்தமே கிடையாது, அது 'லெவன்'. ஸோ எழுத்துல சந்தேகம் வந்தா மெதுவா வாய்விட்டு சொல்லுங்க, கை தன்னால சரியா எழுதும்.

எண் பெருசா இருந்தா கடைசி துண்டு மட்டும்தான் மாறும். 'ட்வென்டியத் ஃபர்ஸ்ட்'னு ரெண்டையும் மாத்தாதீங்க.

ஸ்பெல்லிங்ல மூணு இடம்: நைன்த் எழுதும்போது நைன்ல கடைசில இருக்கிற 'ஈ' எழுத்து போயிடும், எய்த்ல 'டி' ஒண்ணே ஒண்ணுதான் இன்னொண்ணு சேக்கக் கூடாது, ட்வெல்வ்ல இருக்கிற 'வி' எழுத்து ட்வெல்ஃப்த்ல 'எஃப்' ஆயிடும். ஃபைவ், ஃபிஃப்த்துக்கும் அதேதான்.

முன்னாடி 'தி' போடணுமா? ஒரே ஒரு இடத்த குறிச்சா போடணும். 'தி செகண்ட் ரவுண்ட்'. 'எ' போட்டா அர்த்தமே வேற, 'எ செகண்ட் சான்ஸ்'னா ரெண்டாவது இடத்துல இருக்கிற வாய்ப்பு இல்ல, இன்னும் ஒரு வாய்ப்பு. ஃபர்ஸ்ட், செகண்ட் வெறுமனே வினைச்சொல்லோட வந்தா ரெண்டுமே வேண்டாம்: 'ஷீ கேம் செகண்ட்'.

3. எண் முன்னாடியா பின்னாடியா

இது ரொம்ப சுலபம், ஆனா யாரும் சொல்லித் தர்றதில்ல. பேருக்கு முன்னாடி எண் வந்தா 'ஆவது' வடிவம், பின்னாடி வந்தா வெறும் எண். 'தி தேர்ட் சாப்டர்', 'சாப்டர் த்ரீ'. 'தி ஃபோர்த் ப்ளாட்ஃபார்ம்', 'ப்ளாட்ஃபார்ம் ஃபோர்'. காரணம் என்னன்னா பின்னாடி வர்ற எண் அந்தப் பொருளோட பேர் மாதிரி ஒட்டிக்குது, அதான் 'தி'யும் அங்க வராது. 'வேர்ல்ட் வார் செகண்ட்'னு எழுதுறது இதனாலதான் தப்பு, 'வேர்ல்ட் வார் டூ' இல்லன்னா 'தி செகண்ட் வேர்ல்ட் வார்'.

ராஜாக்களுக்கு மட்டும் விலக்கு. எழுதுறப்ப பேருக்குப் பின்னாடி ரோமன் எண், படிக்கிறப்ப நடுவுல 'தி' சேத்து 'ராஜராஜா தி ஃபர்ஸ்ட்', 'எலிசபெத் தி செகண்ட்'. 'ராஜராஜா ஒன்'னு படிச்சா சிரிப்பாங்க.

மாடி பத்தி ஒரு வரி. நம்ம ஊர்லயும் பிரிட்டன்லயும் தரைத்தளம் 'க்ரவுண்ட் ஃப்ளோர்', அதுக்கு மேல 'ஃபர்ஸ்ட்'. அமெரிக்கால தரைத்தளத்தையே பெரும்பாலும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'னுவாங்க. அமெரிக்க ஆபீஸ்ல மீட்டிங்னா தேவையில்லாம ஒரு மாடி ஏறாதீங்க.

4. 'எத்தனாவது'ன்னு கேள்வி கேக்குறது

இதுக்கு இங்கிலீஷ்ல நேரான ஒத்தச் சொல் கிடையாது, அதனால 'கலாம் எத்தனாவது ஜனாதிபதி'ன்னு அப்படியே கொண்டு போக வழியில்ல. 'ஹவ் மெனியத்'னு சிலர் அடிச்சு விடுவாங்க, கேக்க ஜோரா இருக்கும், எழுத்துல செல்லாது. சரி, என்ன பண்றதுன்னா, பதில் எந்த வகையா வேணுமோ அத வெச்சு கேள்விய கட்டணும்.

பட்டியல்ல இடம் வேணும்னா: 'வேர் டஸ் கலாம் கம் இன் தி லிஸ்ட் ஆஃப் ப்ரெசிடென்ட்ஸ்?'. இல்ல, முன்னாடி எத்தனை பேர்னு கேட்டுட்டு நாமளே ஒண்ணு கூட்டிக்கலாம்: 'ஹவ் மெனி ப்ரெசிடென்ட்ஸ் வேர் தேர் பிஃபோர் கலாம்?'. போட்டில எந்த இடம்னா 'வேர் டிட் யூ ஃபினிஷ்?' இல்லன்னா 'வாட் ப்ளேஸ் டிட் யூ கம் இன்?'. பரீட்சைன்னா 'வாட் வாஸ் யுவர் ரேங்க்?'. வீட்டுல எத்தனாவது பிள்ளைன்னு கேக்கணும்னா 'ஆர் யூ தி எல்டஸ்ட்?'னு ஆரம்பிச்சாலே எதிர்ல இருக்கிறவங்க 'நோ, ஐ ஆம் தி தேர்ட் ஆஃப் ஃபோர்'னு சொல்லிடுவாங்க. இத ஒரே ஃபார்முலாவா மனப்பாடம் பண்ண முடியாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. முடியாது. நாலு சூழ்நிலைக்கு நாலு கேள்விய வாய்ல பழக்கிடுங்க, அது போதும்.

5. எந்தப் பக்கத்துல இருந்து எண்றீங்கன்னு சொல்லுங்க

ஒண்ணும் சொல்லாம விட்டா மேல இருந்துன்னு எடுத்துக்குவாங்க. கீழ இருந்து எண்ணினா கட்டாயம் சொல்லணும்: 'தேர்ட் ஃப்ரம் தி பாட்டம்'. போட்டோல ஆள காட்டுறதுக்கு 'செகண்ட் ஃப்ரம் தி லெஃப்ட்'. இங்க 'ஃப்ரம்' முக்கியம், 'செகண்ட் இன் லெஃப்ட்'னு எழுதுறாங்க, அது எதையும் குறிக்காது.

கடைசிக்கு முந்தினதுக்கு நிறைய வழி இருக்கு. பிரிட்டன் பக்கம் 'லாஸ்ட் பட் ஒன்', அமெரிக்கா பக்கம் 'செகண்ட் டு லாஸ்ட்' இல்லன்னா 'நெக்ஸ்ட் டு லாஸ்ட்', நம்ம ஊர்ல 'செகண்ட் லாஸ்ட்'. எழுத்துல கொஞ்சம் மிடுக்கா வேணும்னா 'பெனல்டிமேட்'. இதுல பெரிய தப்பு என்னன்னா 'பெனல்டிமேட்'ட 'அல்டிமேட்'ட விட ஒரு படி மேலன்னு நினைச்சு 'தி பெனல்டிமேட் எக்ஸ்பீரியன்ஸ்'னு விளம்பரத்துல போடுறது. ஒரு கடை போர்டுலயே பாத்திருக்கேன். அது கடைசிக்கு முந்தினதுங்கிற அர்த்தம் மட்டும்தான், புகழ்ச்சியே கிடையாது.

போட்டித் தேர்வு எழுதுறவங்களுக்கு இந்த இடம் மார்க் தரும். 'ராமு இஸ் செவன்த் ஃப்ரம் தி லெஃப்ட் அண்ட் ட்வெல்ஃப்த் ஃப்ரம் தி ரைட்', வரிசைல மொத்தம் எத்தனை பேர்னு கேப்பாங்க. 7ம் 12ம் கூட்டி 19னு எழுதிட்டு வந்துடுறாங்க. ரெண்டு பக்கத்துல இருந்து எண்ணும்போதும் ராமுவ எண்ணியாச்சு, ரெண்டு தடவ வந்தவர ஒரு தடவ கழிக்கணும், ஸோ 18. மேலயிருந்து கீழயிருந்துன்னு கேட்டாலும் இதே கணக்குதான்.

'லாஸ்ட்'டும் 'லேட்டஸ்ட்'டும் குழப்பிக்காதீங்க. 'மை லாஸ்ட் ப்ராஜெக்ட்'னா இதோட முடிஞ்சுதுங்கிற வாடை வரும், இப்ப புதுசா பண்ணினதுன்னா 'லேட்டஸ்ட்'.

6. எதுக்குள்ள ரெண்டாவது: இன், ஆஃப், அமங், அப்புறம் சமநிலை

படி பூஜ்யத்துல தாள்ல எழுதுன கூட்டம் இப்பத்தான் வேலைக்கு வருது. இடமோ அமைப்போ ஆனா 'இன்': 'தி ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு'. எண்ணிச் சொல்லக்கூடிய கூட்டம்னா 'ஆஃப்': 'தி டாலஸ்ட் ஆஃப் தி த்ரீ'. ஒரு கூட்டத்துல இவரும் ஒருத்தர்னா 'அமங்': 'அமங் தி டாப் டென்'.

ரெண்டாவது உசரம், மூணாவது நீளம், இதுக்கெல்லாம் 'ஆவது' எண்ணோட 'எஸ்ட்' வடிவம். எவரெஸ்ட்டுக்கு அடுத்து கே2, 8,611 மீட்டர், அது 'தி செகண்ட் ஹையஸ்ட் மவுன்டன் இன் தி வேர்ல்ட்'. கஞ்சன்ஜங்கா 8,586, அது 'தி தேர்ட் ஹையஸ்ட்'. 'செகண்ட் மோஸ்ட் ஹையஸ்ட்' வேண்டாம், 'மோஸ்ட்'டும் 'எஸ்ட்'டும் ஒரே வேலைய செய்யறது, ரெண்டு பேர் எதுக்கு. 'செகண்ட் ஹை', 'செகண்ட் பிக்' கூட வேண்டாம்.

'ஒன் ஆஃப் தி'ன்னு ஆரம்பிச்சா பின்னாடி வர்றது பன்மை. 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்'. ஒரு கூட்டத்துல இருந்து ஒண்ண எடுக்குறோம், கூட்டம் எப்படி ஒருமையா இருக்கும். தமிழ்ல 'சிறந்த மாணவர்களில் ஒருவர்'னு சரியாத்தான் பன்மை போடுறோம், இங்கிலீஷுக்கு போனதும் அந்த 'எஸ்' எழுத்து எங்கயோ விழுந்துடுது.

சமமா நின்னா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஆண்கள் உயரம் தாண்டுதல் ஞாபகம் இருக்கா, 2021ல நடந்தது, கத்தாரோட பர்ஷிமும் இத்தாலியோட தம்பேரியும் ரெண்டு பேரும் 2.37 மீட்டர் தாண்டிட்டு தங்கத்த பங்கு போட்டுக்கிட்டாங்க. அடுத்து வந்த பெலாரஸ்காரருக்கு வெண்கலம், வெள்ளியே குடுக்கல. ஏன்னா ரெண்டு பேர் முதல் இடத்துல நின்னா ரெண்டாவது இடம் தீந்து போச்சு, அடுத்தவர் மூணாவது. பெரும்பாலான போட்டிகள்ல இதான் முறை. சில ஸ்கூல்ல ரெண்டு பேருக்கு ஃபர்ஸ்ட் குடுத்துட்டு அடுத்தவருக்கு செகண்ட் குடுப்பாங்க, அது வேற முறை. எது உங்க இடத்துல நடப்புன்னு கேட்டுட்டு எழுதுங்க. வார்த்தை 'ஜாயின்ட் ஃபர்ஸ்ட்' இல்லன்னா 'டைட் ஃபார் ஃபர்ஸ்ட்'. வெறும் 'ஃபர்ஸ்ட்'னு எழுதிட்டு, இன்டர்வியூல இன்னொருத்தரும் அதையே சொன்னா சங்கடம்.

'ரன்னர் அப்' ரெண்டாவது இடம். அழகிப் போட்டி மாதிரி மேடைல 'ஃபர்ஸ்ட் ரன்னர் அப்'னா ரெண்டாவது, 'செகண்ட் ரன்னர் அப்'னா மூணாவது, ஜெயிச்சவர விட்டுட்டு எண்றாங்க. பன்மை எழுதும்போது 'எஸ்' ரன்னருக்குத்தான்: 'ரன்னர்ஸ் அப்'.

'செகண்ட் டு நன்' ரெண்டாவதுன்னு அர்த்தம் இல்ல, யாருக்கும் ரெண்டாவது இல்ல, அதாவது முதல். 'செகண்ட் ஒன்லி டு'ன்னா அந்த ஒருத்தருக்கு மட்டும் அடுத்து. ரெண்டையும் மாத்திப் போட்டா பாராட்டு தலைகீழா ஆயிடும்.

7. 'தேன்' இல்ல, 'டு'

எங்கிட்ட வர்ற தாள்கள்ல அதிகம் சிவப்பு விழுற இடம் இது. 'ஹீ இஸ் சீனியர் தேன் மீ'. தமிழ்ல 'என்னை விட சீனியர்', 'விட'ன்னா 'தேன்', அப்படின்னு கை தன்னால போயிடுது.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர், இந்தக் கூட்டம் லத்தீன்ல இருந்து வந்தது. 'அதிகமா, கம்மியா'ங்கிற ஒப்பீடு அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு, இதுங்களுக்குப் பின்னாடி 'டு'தான் வரும். 'சீனியர் டு மீ பை டூ இயர்ஸ்', 'சுப்பீரியர் டு தி ஓல்ட் மாடல்', 'ப்ரையர் டு தி மீட்டிங்'. அதே காரணத்தாலதான் முன்னாடி 'மோர்' போடக் கூடாது, 'மோர் சுப்பீரியர்'னா ரெண்டு தடவ உசத்துன மாதிரி. 'ப்ரிஃபரபிள்'ளும் 'டு' கூட்டத்துலதான் சேத்தி.

'சீனியர் டு மீ'ன்னா வயசா பதவியா சர்வீஸா? தனியா நின்னா பெரும்பாலும் பதவி இல்ல சர்வீஸ்னுதான் எடுத்துக்குவாங்க. வயசுன்னா 'ஓல்டர் தேன் மீ'ன்னு நேரா சொல்லிடுங்க. பதவின்னா 'ஹீ இஸ் எபவ் மீ', 'ஷீ அவுட்ரேங்க்ஸ் மீ', தினசரி ஆபீஸ் பேச்சுல 'ஐ ரிப்போர்ட் டு ஹர்'. இந்தக் கடைசி ஒண்ணு யாரையும் மேல கீழன்னு காட்டாம விஷயத்த சொல்லிடும், எனக்கு பிடிச்சது அதுதான். 'ஷீ இஸ் மை சபார்டினேட்'னு மீட்டிங்ல ஒருத்தர காட்டி சொல்றது இலக்கணப்படி சரி, காதுக்கு உறுத்தும். 'ஷீ ஒர்க்ஸ் இன் மை டீம்' போதும்.

'எல்டர்', 'எல்டஸ்ட்' பெரும்பாலும் வீட்டு உறவுக்கு, அதுவும் அதிகமா பேருக்கு முன்னாடி: 'மை எல்டர் ப்ரதர்'. 'எல்டர் தேன்'னு ஒண்ணு கிடையாது, 'தேன்' வந்தா 'ஓல்டர்'. அண்ணன், தம்பின்னு நமக்கு தனித்தனி சொல் இருக்கு, இங்கிலீஷ்காரங்க பெரும்பாலும் வெறும் 'ப்ரதர்'னு விட்டுடுவாங்க. தேவைப்பட்டா மட்டும் 'எல்டர்', 'யங்கர்' சேருங்க.

8. பதவிப் பேருக்கு முன்னாடி ஒட்டுற வார்த்தைங்க

இங்க அகராதி கைகுடுக்காது, அந்தந்த ஆபீஸோட ஏணிய பாத்துத்தான் ஆகணும். சென்னை போலீஸ்ல கமிஷனருக்கு கீழ அடிஷனல் கமிஷனர், அப்புறம் ஜாயின்ட் கமிஷனர், டெபுடி கமிஷனர், அசிஸ்டன்ட் கமிஷனர். இந்த நாலு ஒட்டு வார்த்தையோட வரிசைய மனசுல வெச்சுக்கிட்டா அரசாங்கக் கடிதம் பாதி புரிஞ்சிடும். கவனிங்க, போன படிக்கு முந்தின படில 'ஜாயின்ட்'னா சமம்னு பாத்தோம், இங்க 'ஜாயின்ட்'னா ஒரு தனிப் படி, கமிஷனருக்கு சமம் இல்ல.

காலேஜ்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசர், மேல அசோசியேட் ப்ரொஃபசர், அதுக்கும் மேல ப்ரொஃபசர். வைஸ் சான்சலர்னா 'வைஸ்' இருக்கேன்னு ரெண்டாம் பட்சமா நினைக்காதீங்க, அவர்தான் துணைவேந்தர், யுனிவர்சிட்டிய தினசரி நடத்துறது அவர்தான்.

ராணுவத்துல ஒரு வேடிக்கை. மேஜர், லெஃப்டினன்ட்ட விட மேல. ஆனா லெஃப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரல விட மேல. அதே மாதிரி தரைப்படை கேப்டனும் கடற்படை கேப்டனும் ஒண்ணு இல்ல, கடற்படை கேப்டன் தரைப்படைல கர்னலுக்கு சமம். மொழிபெயர்க்கிறவங்க, செய்தி எழுதுறவங்க இந்த ரெண்டுல அடிக்கடி மாட்டுறாங்க, வார்த்தைய வெச்சு ஊகிக்காம பட்டியல பாருங்க.

தனியார் கம்பெனில 'அசிஸ்டன்ட் மேனேஜர்' ஒரு பதவி, 'அசிஸ்டன்ட் டு தி மேனேஜர்' மேனேஜருக்கு உதவியாளர். ஆஃபர் லெட்டர்ல எது இருக்கோ அதையே எழுதுங்க.

9. ஏறுச்சா இறங்குச்சா, அப்புறம் பர்சன்டைல்

ரேங்க் 400ல இருந்து 150க்கு வந்தா எண் குறைஞ்சுது, இடம் ஏறுச்சு. 'மை ரேங்க் டிக்ரீஸ்ட்'னு எழுதுனா படிக்கிறவரு வருத்தப்படுவாரு. நம்ம கவுன்சிலிங் பேச்சுல 'லோ ரேங்க் வாங்குனாத்தான் நல்ல காலேஜ்'னு சாதாரணமா சொல்றோம், வெளில 'லோ ரேங்க்'னா மோசமான இடம், 'ஹை ரேங்க்'னா ஒண்ணுக்கு பக்கத்துல. குழப்பம் வேண்டாம்னா 'ஹை, லோ, இன்க்ரீஸ், டிக்ரீஸ்' நாலையும் விட்டுட்டு இப்படி எழுதுங்க: 'ஐ மூவ்ட் அப் ஃப்ரம் 400த் டு 150த்', 'தி டீம் ஸ்லிப்ட் டு ஃபிஃப்த்'. 'அப்'னா முன்னேற்றம், 'ஸ்லிப்ட்'னா சறுக்கல், எண்ண பாத்து யாரும் தடுமாற மாட்டாங்க.

'95 பர்சன்ட்'டும் '95த் பர்சன்டைல்'லும் வேற வேற. பர்சன்ட் உங்க மார்க்க சொல்லுது. பர்சன்டைல் உங்க இடத்த சொல்லுது: ஜேஇஇ மெயின்ல 95 பர்சன்டைல்னா, எழுதுனவங்கள்ல 100க்கு 95 பேர் உங்க மார்க்கோ அதுக்கு கம்மியோ வாங்கிருக்காங்க. பேப்பர் கஷ்டமா இருந்தா கம்மி மார்க் வாங்குனவருக்குக் கூட 95 பர்சன்டைல் வரலாம். வடிவமும் அதத்தான் காட்டுது, பர்சன்டைல் ஒரு இடம், அதனால அதுக்கு 'ஆவது' எண்: 'இன் தி நைன்ட்டி ஃபிஃப்த் பர்சன்டைல்'. ரெஸ்யூமேல '95 பர்சன்டைல் மார்க்ஸ்'னு எழுதுனா எழுதுனவருக்கே வித்தியாசம் தெரியலைன்னு நினைச்சுக்குவாங்க.

10. பேச்ச அடுக்குறதுக்கான வார்த்தைங்க

'ஃபார்மர்' (முன்னது), 'லேட்டர்' (பின்னது) ரெண்டே ரெண்டு விஷயம் இருந்தா மட்டும். மூணு இருந்தா 'ஃபர்ஸ்ட்', 'லாஸ்ட்'. பின்னதுங்கிற அர்த்தத்துல வர்றதுக்கு நடுவுல 'டி' எழுத்து ரெண்டு, ஒண்ணு போட்டா 'அப்புறமா'ன்னு ஆயிடும். எனக்கு கேட்டா ரெண்டையும் தவிர்த்துட்டு பேரையே திரும்ப சொல்றது மேல், படிக்கிறவரு கண்ண மேல தூக்கிப் பாக்க வேண்டியதில்ல.

'ரெஸ்பெக்டிவ்லி' ரெண்டு பட்டியல ஜோடி சேக்க: 'எவரெஸ்ட் அண்ட் கே2 ஆர் 8,849 அண்ட் 8,611 மீட்டர்ஸ் ஹை, ரெஸ்பெக்டிவ்லி'. முதலுக்கு முதல், ரெண்டுக்கு ரெண்டு. ஒரே பட்டியல் இருந்தா அந்த வார்த்தைக்கு வேலையே இல்ல, அழகுக்காக கடைசில ஒட்டாதீங்க.

'ஃபர்ஸ்ட்'டும் 'அட் ஃபர்ஸ்ட்'டும் ஒண்ணு இல்ல. 'அட் ஃபர்ஸ்ட் ஐ லைக்ட் தி ஜாப்'னு சொன்னா, அப்புறம் பிடிக்காம போச்சுங்கிற கதை வரப்போகுதுன்னு எதிர்ல இருக்கிறவரு காத்திருப்பாரு. தன்ன அறிமுகப்படுத்திக்க 'ஃபர்ஸ்ட்' போதும். அதே மாதிரி முடிக்கும்போது 'அட் லாஸ்ட், ஐ தேங்க் யூ'ன்னு சொன்னா 'ஒரு வழியா உங்களுக்கு நன்றி சொல்லித் தொலைக்கிறேன்'ங்கிற மாதிரி கேக்கும். 'லாஸ்ட்லி' இல்லன்னா 'ஃபைனலி'.

11. அனுப்பும் முன்னாடி ஃபைல்ல தேட வேண்டியது

முழுசா திரும்பப் படிச்சா கண்ணு பழகிப் போய் தப்ப தாண்டிடும், அதனால தேடல் பெட்டிய திறந்து வார்த்தைய போட்டு தேடுங்க. மொதல்ல 'தேன்', ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி சீனியர், ஜூனியர், எல்டர் இருக்கான்னு பாருங்க. அப்புறம் 'ஒன் ஆஃப்', பின்னாடி பன்மை இருக்கான்னு. அப்புறம் 'ரேங்க்', ஒவ்வொரு இடத்துலயும் எந்தக் கூட்டம், எத்தனை பேர்ல, ரெண்டும் இருக்கணும்: 'ரேங்க்ட் ஃபிஃப்த் அவுட் ஆஃப் 120 இன் தி டிபார்ட்மென்ட்'. பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல 400 மீட்டர் தடை ஓட்டத்துல 'கேம் ஃபோர்த்'னு மட்டும் எழுதுனா ஒரு தோல்வி, 'கேம் ஃபோர்த் இன் தி ஒலிம்பிக் ஃபைனல், மிஸ்ஸிங் ப்ரான்ஸ் பை எ ஹன்ட்ரட்த் ஆஃப் எ செகண்ட்'னு எழுதுனா அது வேற, இடம் அதே நாலுதான், பக்கத்துல கூட்டமும் இடைவெளியும் சேத்தாச்சு. உங்க வரிக்கும் அந்த மாதிரி சேக்க ஏதாவது இருந்தா, உண்மையா இருந்தா மட்டும், சேருங்க.

கடைசியா, எண்ணுக்குப் பின்னாடி வர்ற ரெண்டெழுத்து ஒட்டு ஒவ்வொண்ணையும் வாய்விட்டு படிச்சுப் பாருங்க. வேர்ட்ல டைப் பண்ணா அந்த ஒட்டு தானா சின்னதா மேல ஏறிக்கும், வேற ஃபைலுக்கு காப்பி பண்ணும்போது சிலது மேல சிலது கீழன்னு நிக்கும், எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டு அனுப்புங்க.